செவ்வாய்க்கிழமை உதாரணம்

நான் கையேடு எழுதிப் பிழைக்கிறவன். மிக்சி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் போடுவோமே, அந்த ரக எழுத்து. என்னுடையது மிக்சிக்கு இல்லை, கம்ப்யூட்டர் கருவிகளுக்கு. அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்காகப் பதினோரு வருஷமாக எழுதுகிறேன். ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால், "வீட்டுக்குள்ளயே உக்காந்து டைப் அடிக்கிறாக" என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

யாரும் வாசிக்காததை எழுதுவதில் ஒரு சுகம் உண்டு. தப்புச் செய்தாலும் ஒரு குடியும் கெடாது. அந்தச் சுகத்தில் பழகிப்போனவன் நான். என் கையேடு ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விடாமல் வாசித்தது ஒன்றே ஒன்றுதான், அது மனுஷனும் இல்லை. வாசித்ததோடு நிற்காமல், எழுதியிருந்தபடியே செய்தும் முடித்துவிட்டது. நடந்ததை அண்ணனிடமிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

என் அண்ணன் உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். புதிதாக எது வந்தாலும் கை வைத்துப் பார்க்கிற ஆள். நாலு வருஷத்துக்கு முன்னால் போனில் ஒரு பிராணி வாங்கினார். பிளாக்செயின் பிராணி என்று அதற்குப் பெயர். முயலுக்கும் ஆந்தைக்கும் நடுவே ஓர் உருவம், திரையில் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தீனி போட வேண்டும். தீனி என்றால் ஒரு பொத்தானைத் தொடுவது, அவ்வளவுதான். கடைசியாகத் தின்று இருபத்துநாலு மணி நேரம் தாண்டினால் செத்துப்போகும். மற்ற விளையாட்டுகளில் செத்ததை எழுப்பி மறுபடி ஆடலாம். இதில் முடியாது. தின்றதும் செத்ததும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே சமயத்தில் பதிந்துவிடும். கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று பெயிண்ட் அடித்த மாதிரிதான், கொடுத்தவரே வந்து கேட்டாலும் சுரண்ட விடமாட்டார்கள்.

எங்கள் அம்மா அதைப் 'போனுப் பூச்சி' என்பார். "ஏலே, கட்டுன பொண்டாட்டிய நேரத்துக்குச் சாப்புட்டியான்னு கேக்க நாதியக் காணோம், போனுப் பூச்சிக்கு மட்டும் மணியடிச்சாப்புல தீனியா?" என்று அண்ணனை ஏசுவார். அண்ணன் சிரிப்பார். மதினியும் சேர்ந்து சிரிப்பார்.

பிறகு அண்ணனுக்கு உணவுக்குழாயில் கட்டி வந்தது. கடைசி ஒன்றரை மாதம் மதுரையில் ஆஸ்பத்திரிப் படுக்கை. தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை, பேச்சும் நின்றுபோனது. காலை ஐந்தரை, மாலை ஐந்தரை ஆனால் மதினியின் கையைத் தட்டுவார், தலைமாட்டில் கிடக்கும் போனைக் கண்ணால் காட்டுவார். மதினி அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பொத்தானைத் தொடுவார். பிராணி கண்ணைச் சொக்கிக்கொண்டு மெல்லும். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போன அன்று மாலையும் மதினி ஓர் ஓரமாகப் போய் அதற்குத் தீனி போட்டார். எங்கள் பெரியப்பா ஒருவர், "இப்பப் போயி போனா?" என்று முகத்தைச் சுளித்தார். நான் அவர் மேல் பாய்ந்துவிட்டேன். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். என் வாயும் கையும் அப்படி.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம். ஒரு வேளை தவறவில்லை. அண்ணன் பேரில் இருந்த கடையைக்கூட விற்றுவிடலாம் என்று சொன்ன மதினி, அது சாகக்கூடாது என்பதை மட்டும் விடவே இல்லை. அவரைப் பொறுத்தவரை, அது இருக்கும் வரை அண்ணன் சொன்ன வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

வீட்டுக்குள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மதினி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போக ஆரம்பித்தார். காலை ஆறு மணிக்கு ஊருக்குள் ஜீப் வரும். பதினைந்து பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரள எல்லையைத் தாண்டித் தோட்டம். அங்கே போனில் டவர் கிடையாது. காலைத் தீனியை வீட்டிலேயே போட்டுவிடுவார். மாலைத் தீனிக்கு ஜீப் மலையிறங்கிப் பாதி வழி வந்து சிக்னல் கிடைக்க வேண்டும். பெரும்பாலும் ஆறு மணிக்குள் கிடைத்துவிடும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் பிராணிக்குத் தீனி போடுகிற நேரத்தில் விளையாட்டே வேலை செய்யவில்லை. பராமரிப்பு என்று திரையில் எழுதி வந்தது. ஜீப் ஹார்ன் அடிக்கவும் மதினி ஏறிப்போய்விட்டார். அன்றைக்கென்று மாலையில் ஜீப் கொண்டைஊசி வளைவில் நின்றுவிட்டது. இருபத்துநாலு மணி நேரம் முடிய ஒரு நிமிஷமோ என்னவோ இருக்கையில் சிக்னல் கிடைத்துப் பொத்தானைத் தொட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"அங்கன வளைவுல நின்னுக்கிட்டு, எறங்கி ஓடலாமான்னு பாத்தேன் தம்பி. கூட வந்தவுக எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சிருப்பாக."

எனக்குத் தாங்கவில்லை. தாங்காமல் போனதுதான் வினை.

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனிக்கு இதே விளையாட்டுக்கான வேலை ஒன்று வந்திருந்தது. பிராணிகளுக்குத் தீனி போட ஓர் ஏஐ ஏஜென்ட். ஏஜென்ட் என்றால் எங்கள் அம்மாவுக்கு இன்சூரன்ஸ் போடச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்தான். இது ஆள் இல்லை. நம் சார்பில் தானே யோசித்து, தானே செய்யும் ஒரு மென்பொருள். பிராணியின் சொந்தக்காரர் தீனி போட மட்டும் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டால், தூங்கினாலும் மலைக்குப் போனாலும் அது பார்த்துக்கொள்ளும். குழுவில் அந்த விளையாட்டைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கையேடு எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

இந்தக் கையேட்டில் ஒரு புதுமை இருந்தது. வழக்கமாகக் கருவியைச் செய்கிறவர்கள் செய்வார்கள், நான் அதைப் பற்றி எழுதுவேன். இதிலோ ஏஜென்ட் தினமும் விடிவதற்கு முன் என் கையேட்டைத்தான் எடுத்து வாசிக்கும். சாதாரண ஆங்கிலத்தில் நான் எழுதி வைத்திருப்பதைப் புரிந்துகொண்டு அதன்படி நடக்கும். சொந்தக்காரர் தனியாக நேரம் குறித்துக் கொடுத்திருந்தால் அந்த நேரம், இல்லாவிட்டால் கையேட்டில் கண்டபடி. குழுத் தலைவி போனில் இதை விளக்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷம் கழித்து என் எழுத்துக்கு ஒரு வாசகர் கிடைத்துவிட்டார், அதுவும் சொன்ன சொல் தட்டாத வாசகர். அன்று இரண்டு டீ கூடுதலாகக் குடித்தேன்.

மதினியிடம் நானாகத்தான் போய்ச் சொன்னேன்.

"இனி நீங்க இதப் பாக்கவே வேண்டாம் மதினி. ஏஜென்ட் போட்டுரும்."

"நம்ம கை படாமயா?"

"நமக்காக அது போடும். எப்ப எப்பப் போடணும்னு நான் எழுதி வச்சிருக்கேன், அதப் படிச்சுப் போடும்."

"நீங்க எழுதுனதா?" என்று கேட்டார். "அப்பச் சரி தம்பி."

அந்த ஒரு சொல்லை நம்பிப் போனை என் கையில் கொடுத்தார். நான் அனுமதி கொடுத்து முடித்தேன். இவருக்கென்று தனி நேரம் குறிக்கச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. கையேட்டிலேயே காலை ஐந்தரை, மாலை ஐந்தரை என்றுதான் எழுதியிருந்தேன். அண்ணன் நேரத்தையே அதில் வைத்திருந்தேன். மறுபடி எதற்கு என்று கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். இரண்டு வரி அடிக்கச் சோம்பல். அதைவிட, என் கையேட்டின் மேல் எனக்கிருந்த திமிர்.

ஒரு மாதம் அருமையாகப் போனது. முதல் வாரம் முழுக்க மதினி பழக்கத்தில் ஐந்து மணிக்கே எழுந்து, அது மெல்லுகிறதா என்று போனைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வேலைக்கு ஆளப் போட்டுட்டுப் பின்னாலயே நிக்கிறீகளே, அது என்ன நெனைக்கும்?" என்று கேலி செய்தேன். மெல்ல மெல்லப் பார்ப்பதை விட்டார். காலையில் அரை மணி நேரம் கூடத் தூங்கினார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "இப்பத்தான் மனுசி மாதிரி இருக்கா" என்று அம்மா என்னிடம் சொன்னார். என்னவோ நானே அண்ணன் இடத்திலிருந்து நல்லது செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சித்திரை பிறந்தது. வீரபாண்டியில் கம்பம் நட்டுவிட்டார்கள். கௌமாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் நடும் மரத்தண்டு அது, ஆற்றுத் தண்ணீரைச் சுமந்துவந்து அதற்கு ஊற்றுவார்கள். எங்கள் வீட்டு வழக்கம், கம்பம் நட்டதிலிருந்து திருவிழா முடியும் வரை செவ்வாய்க்கிழமை பகலில் அடுப்புப் பற்ற வைப்பதில்லை. பொழுது இறங்கி, விளக்கேற்றி, ஆறரை மணிக்கு மேல்தான் சோறு. அண்ணன் பிழைக்க வேண்டும் என்று அம்மா அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். அண்ணன் பிழைக்கவில்லை. ஆனாலும் அம்மா நேர்ச்சையை விடவில்லை. "கேட்டது கெடைக்கலன்னா நேந்தது இல்லன்னு ஆயிருமா?" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு நானும் செவ்வாய்க்கிழமைகளில் பட்டினி கிடந்தேன்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வயிறு இரைந்துகொண்டிருந்தது. கையேட்டை மேற்பார்த்த குழுத் தலைவி ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நேரத்தை மாற்றி வைக்கலாம் என்று நான் எழுதியிருந்ததற்கு ஓர் உதாரணம் போடச் சொல்லி. எந்த நாளைப் போடுவது? பசியில் இருப்பவனுக்கு வேறென்ன தோன்றும். "செவ்வாய்க்கிழமை: காலைத் தீனி இல்லை. மாலைத் தீனி ஆறரை மணிக்கு" என்று ஆங்கிலத்தில் அடித்தேன். வீடே பட்டினி கிடக்கிறது, போனுப் பூச்சி மட்டும் என்ன உசத்தி என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. அது உதாரணம்தானே. பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும். அதைப் படித்துவிட்டு வீட்டுத் தொட்டியை யாராவது திறந்துவிடுவார்களா?

திங்கள்கிழமை மாலை ஐந்தரைக்குத் தின்ற பிராணி, செவ்வாய்க்கிழமை ஆறரை வரை தாங்காது. விரலை மடக்கிப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். நான் மடக்கிப் பார்க்கவில்லை. குழுத் தலைவியும் பார்க்கவில்லை. மறுநாள் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுச் சம்மதம் சொன்னார். புதுக் கையேடு வெளியானது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை. மாடியறையில் பட்டினியோடு உட்கார்ந்து வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குச் சற்று முன்னால் மதினி போன் செய்தார். பின்னால் ஜீப் இரைச்சல்.

"தம்பி, இங்கன இப்பத்தான் டவர் கெடச்சது. ரொம்ப நாளாச்சே, பாப்போம்னு தொறந்தேன். அது கண்ண மூடிக்கிட்டு இருக்கு. தூங்குதா?"

"தூங்கும் மதினி" என்றேன்.

அது தூங்காது. தூங்குவது என்று அந்த விளையாட்டில் ஒன்றே கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதையும் கையேட்டில் எழுதியவன் நான்தான். போனை வைத்துவிட்டு ஏஜென்ட்டின் நடவடிக்கைக் குறிப்பைத் திறந்தேன். காலையில் எழுதியிருந்தது: இன்று செவ்வாய்க்கிழமை, கையேட்டின்படி காலைத் தீனி இல்லை, அடுத்தது மாலை ஆறரை. அவ்வளவு பணிவாக, அவ்வளவு சரியாக எழுதியிருந்தது. உதாரணம் என்று தலைப்புப் போட்டிருந்ததை அது பார்த்திருக்கிறது. சொந்தக்காரர் நேரம் எதுவும் தராததால், கையேட்டில் செவ்வாய்க்கிழமைக்கு வேறு வரி இல்லாததால், இருந்த ஒரே வரியை எடுத்துக்கொண்டிருக்கிறது. கூலிக்கு வந்தவர் கேட்டுவிட்டாவது செய்வார். இது கேட்கவில்லை. கேள் என்று நான் எழுதியிருக்கவில்லை.

அந்த இடத்தைவிட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறரை ஆனது. என் கண் முன்னாலேயே புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. தீனியுடன் சென்றேன், பிராணி உயிருடன் இல்லை, இன்றைய பணி முடிந்தது. அதே நேரம் கீழேயிருந்து அம்மா, "பொழுது எறங்கிருச்சு, சோறு போட்டாச்சு, எறங்கி வாலே" என்று கூப்பிட்டார். எழுந்து போய்க் குளியலறையில் வாந்தி எடுத்தேன். காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை என்பதால் தண்ணீராகத்தான் வந்தது.

மதினி வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திரையை எனக்குக் காட்டினார். பிராணி சாம்பல் நிறமாகிக் கிடந்தது.

"என்ன ஆச்சு தம்பி?"

"சர்வர் கோளாறு மதினி" என்றேன்.

வாய் பெரிதாக இருக்கிறவனுக்கு நெஞ்சும் பெரிதாக இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன. ஊரில் ஒருவரை விடாமல் வம்புக்கு இழுப்பவன், பெரியப்பா மேல் கை ஓங்கியவன், அந்த இடத்தில் கோழையாகிவிட்டேன். மதினி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நாந்தான் கைய விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் வீடியோவில் கம்பெனியின் அவசரக் கூட்டம். ஏஜென்ட்டைச் சோதித்துப் பார்க்க எடுத்திருந்தவர்களில் வேறு சிலருடைய பிராணிகளும் செத்திருந்தன. எல்லோரும் என்னைப் போலவே கட்டத்தைக் காலியாக விட்டவர்கள். குழுத் தலைவி கெட்டவர் இல்லை. பிரச்சினை என்றால் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்.

"கையேட்ல ஒரு குறிப்புப் போட்டுக்கலாங்க. பயனர் நேரம் குறிக்காம விட்டதால நடந்த தப்புன்னு. நீங்களே எழுதிருங்க."

"தப்பு என்னோடதுங்க. உதாரணம் போட்டது நான்."

"அது எனக்கும் தெரியுங்க. ஆனா அப்படி எழுத முடியாது."

"அந்தப் பயனர்ல ஒருத்தர் எங்க மதினிங்க. செத்துப்போன எங்க அண்ணனோட பிராணி அது. அவுக கட்டத்தக் காலியா விடல, நான் விட்டேன்."

"ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வருத்தம் ஒரு பக்கம், குறிப்பு ஒரு பக்கம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, செத்ததற்குக் காரணம் மதினிதான் என்று என் கையாலேயே எழுத வேண்டும். நான் கத்தினேன். மேசையைக் குத்தினேன். குத்தியது திரையில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி யாரோ என் ஒலியை அடைத்துவிட்டார்கள். கடைசியில், உதாரணம் தவறானது, எழுதியவரின் பிழை என்று நான் எழுதி அனுப்பினேன். சாயங்காலம் பார்த்தால், "சில சூழ்நிலைகளில் தீனி தவறக்கூடும்; பயனர்கள் தங்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்" என்று மாற்றி வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வரி சத்தமில்லாமல் போயிருந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடவில்லை. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

கையேட்டில் உண்மையைச் சொல்ல விடவில்லை என்று கம்பெனியை மனசுக்குள் கிழித்துக்கொண்டிருந்தேனே, என் வீட்டில் நான் செய்ததும் அதுதான். இது எனக்கு உறைக்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் மதினி காலை ஐந்து மணிக்கு எழுந்தார். சமையல்கட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, சாம்பல் நிறப் பிராணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்தரைக்குப் பொத்தானைத் தொட்டுப் பார்ப்பார். ஒன்றும் ஆகாது. பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போவார். "நம்ம கை படாமயான்னு அன்னைக்கே கேட்டேன். தெரிஞ்சே குடுத்தேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அதை என்னிடம் சொல்லிவிட்டு, "நீயாச்சும் ரெண்டு வார்த்த சொல்லி அவளத் தேத்துலே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது. மத்தியானம் மதினி கொல்லையில் தோட்டத்துத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். ஏலக்காய்க் கறை லேசில் போகாது, கல்லில் போட்டுக் கும்ம வேண்டும். அம்மா வீரபாண்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். நான் போய்க் குழாயடியில் நின்றேன்.

"மதினி, அது சர்வர் கோளாறு இல்ல."

கும்முவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். காலியாக விட்ட கட்டம், செவ்வாய்க்கிழமை மதியம், உதாரணம், ஏஜென்ட் எழுதிய வரிகள், அவர் போன் செய்தபோது தூங்கும் என்று சொன்னது, எல்லாம்.

"செவ்வாக்கெழமயா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா மதினி. நம்ம வீட்டு வெரதத்த மனசுல வச்சுக்கிட்டு எழுதித் தொலச்சுட்டேன்."

மதினி ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செவ்வாக்கெழமன்னு நான் பட்டினி கெடக்குறதே இல்ல தம்பி. அத்தைக்குத் தெரியாது. தூக்குவாளியில பழய சோத்த அமுக்கிக் கொண்டுபோயி, மலையில வச்சு வயிறு நெறயத் திம்பேன். அவுக உசுரக் கேட்டு அத்தையும் நானும் அம்புட்டு வெரதம் இருந்தோம். கௌமாரி குடுத்தாளா? இனிமே அவளுக்காக ஒரு வேளகூட வயித்தக் காயப்போடக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க அதப் போயி காயப்போட்டுட்டீகளே."

மன்னிப்புக் கேட்க நினைத்து வந்தது எல்லாம் சின்னதாகிப்போனது. அவர் ஒரு துணியை எடுத்தார், மறுபடி கல்லிலேயே வைத்தார்.

"அதுக்குப் பசிச்சிருக்குமா?"

"இல்ல மதினி. சத்தியமா இல்ல. அதுல பசிங்கிறது ஒரு நம்பருதான். கூடும், கொறயும். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததை, கையேட்டில் எப்படி எழுதுவேனோ அப்படியே சொன்னேன்.

"ஒங்க அண்ணனுக்கும் பசி தெரியாதுன்னுதான் டாக்டரு சொன்னாக" என்றார் மதினி. "நான் கீழ கேன்டீனுக்குப் போயிச் சாப்புட்டு வந்து பக்கத்துல உக்காந்தா, என் வாயவே பாத்துக்கிட்டுக் கெடப்பாக."